சிவப்புத் துணி கட்டிய உமரி

பொன்மணியின் இறப்புச் சான்றிதழில், காரணம் என்ற கட்டத்தில் ‘இயற்கை’ என்று போட்டிருந்தது. அவள் அதைப் படித்திருந்தால் தாளைக் கொடுத்தவனை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பாள். அந்தச் சொல்லின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். ஆத்திரம் உண்டான இடம், அடையாறு கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், பாலத்துக்குக் கிழக்கே கிடக்கும் ஒரு சேற்றுத் திட்டு. பழக்கமில்லாதவர் கால் வைத்தால் முழங்கால்வரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அவள் பிறந்தது அந்தத் திட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக் குடிசைப் பகுதியில். ஐந்தாவது வரை படித்தாள். தி.நகர் ஜவுளிக் கடைகளுக்கு மூட்டை இறக்கும் வடிவேலுவைக் கட்டிக்கொண்டாள். அவன் நாற்பத்தோரு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் அன்புச்செல்வி.

திட்டில் மண்டிக் கிடந்த உமரிச் செடியைப் பொன்மணி கீரையாகத்தான் அறிந்திருந்தாள். நெல்லைவிடச் சற்று நீளமாய், உருண்டு திரண்ட இலை. கடித்தால் உப்புத் தண்ணீர் தெறிக்கும். குழம்பில் போட்டால் தனியே உப்புப் போட வேண்டாம். அடுப்பில் வைக்க வேறொன்றும் இல்லாத நாளில் அந்தக் கரையின் எல்லா வீட்டிலும் அதுதான் வெந்தது.

2013இல் மயிலாப்பூரிலிருந்து ஸ்ரீரஞ்சனி வந்தாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள், பொன்மணியைவிட இரண்டு வயது இளையவள். சேற்றில் விழாமல் நடக்கக்கூடிய ஓர் ஆள் அவளுக்குத் தேவைப்பட்டது.

“இந்தச் செடியை இங்க என்னன்னு சொல்வேள்?”

“உமரி. இன்னா மேடம், கீரைக்கா வந்தீங்க?”

“இல்லை, அளக்கறதுக்கு.”

“கீரைய அளக்கவா? படியிலயா, கூடையிலயா?”

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஸ்ரீரஞ்சனியும் சிரித்தாள். மறுநாளே பொன்மணிக்கு வேலை.

வேலை சுலபமானது, அலுப்பானது. மாதத்துக்கு இரண்டு முறை, குறித்துவைத்த செடிகளிலிருந்து இலை பறிக்க வேண்டும். ஸ்ரீரஞ்சனி அதன் தடிமனை அளப்பாள், எடை போடுவாள், காயவைத்து மறுபடி எடை போடுவாள், எவ்வளவு உப்பு என்று பார்க்கக் கல்லூரிக்கு எடுத்துப் போவாள். எந்தச் செடி எந்தத் தேதியில் பூத்தது, எப்போது விதை கறுத்தது என்று எழுதிக்கொள்வாள். பொன்மணி பறிக்கும்போதே ஓர் இலையை வாயில் போட்டுக் கடித்து, “நாலு,” என்பாள். அடுத்ததற்கு, “ரெண்டு.”

“என்ன அது ரெண்டு, நாலு?”

“ஒண்ணுன்னா தண்ணி மேடம். அஞ்சுன்னா நாக்கு சுருங்கிக்கும்.”

விளையாட்டாக ஸ்ரீரஞ்சனி நோட்டில் ஒரு பத்தி போட்டுத் தலைப்பில் ‘பொ.நா.’ என்று எழுதினாள். பொன்மணி நாக்கு. மூன்று மாதம் கழித்துக் கல்லூரிக் கருவி சொன்ன உப்பையும் அந்தப் பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியிருந்தன. அதற்குப் பிறகு பதினோரு வருஷமும் அந்தப் பத்தி நோட்டில் இருந்தது, யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷங்களில் வானம் ஒழுங்காக இல்லை. கோடை நீண்டது. ஆற்றின் வாயை மணல் அடைத்துக்கொள்ள, உள்ளே நின்ற நீர் வற்றி, சேற்றின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்தது. மழை வந்தால் ஒரு மாத மழை ஒரு நாளில் கொட்டியது. மெலிந்த இலைச் செடிகள் மே மாதத்தில் கருகின. தாமதமாகக் காய்த்தவற்றைப் பச்சை விதையோடு வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இலை கொஞ்சம் கொழுத்தும், காய்ப்பில் கொஞ்சம் முந்தியும் பிறந்தவைதான் விதை உதிர்த்தன. உமரிக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அடுத்த வருஷம் அந்த விதைகளின் பிள்ளைகளுக்குள்ளே மறுபடி அதே கழிப்பு.

பொன்மணி அதை நாக்கால் உணர்ந்தாள். முதல் இரண்டு வருஷம் ‘ரெண்டு’தான் அதிகம். பிறகு மூன்றும் நாலும். 2020க்குப் பிறகு ஒன்று என்று சொன்னது அபூர்வம்.

“செடி பழகிடுச்சு மேடம்.”

“பழகித்தா, இல்லை செடியே வேறயா ஆயிடுத்தான்னு பாக்கணும்,” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

2013இல் எடுத்த விதைகளை அவள் வீட்டு ஃப்ரிட்ஜில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். 2022இல் அந்தப் பழைய விதையையும் அந்த வருஷத்து விதையையும் மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில், ஒரே மண், ஒரே உப்புத் தண்ணீர், ஒரே வெயிலில் வளர்த்தார்கள். நாற்பது தொட்டி இது, நாற்பது தொட்டி அது. பழையவை மெலிந்தே வந்தன. புதியவை கொழுகொழுவென்று நின்று, பதினெட்டு நாள் முந்திக் காய்த்தன.

“அப்போ பழக்கமில்ல மேடம், பொறப்பு,” என்றாள் பொன்மணி. ஸ்ரீரஞ்சனி நோட்டை மூடிவிட்டுக் காபி கலக்கப் போனாள். முதல் வருஷம் அந்த வீட்டில் பொன்மணிக்கு என்று ஒரு தனி டம்ளர் இருந்தது. அது எப்போது காணாமல் போனது என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.

திட்டும் மாறிக்கொண்டு வந்தது. கொழுத்த உமரி குட்டையாய்ப் படர்ந்து தரையை மூடியது. உச்சி வெயிலிலும் அதன் அடியில் கை விட்டால் சேறு குளிர்ந்திருந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் அங்கே வளை தோண்டின. நண்டைத் தின்ன உள்ளான் குருவிகள் இறங்கின. அலையில் வந்து ஒதுங்கிய கண்டல் மர விதைகள், மற்ற இடத்தில் வெந்து போனவை, உமரி நிழலில் வேர் பிடித்தன. 2024இல் அப்படி ஆறு கண்டல் கன்றுகள் நின்றன. எந்த ஆபீஸும் நட்டவையல்ல.

இடையில், 2017இல், பொன்மணியின் கரையைக் காலிசெய்தார்கள். ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்று ஒரு தாள் ஒட்டினார்கள். பிறகு கணக்கெடுக்க வந்து ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயின்டில் எண் போட்டார்கள். எண் விழுந்த வீட்டுக்கு மாற்று வீடு. விழாத வீட்டுக்கு ஒன்றுமில்லை. பொன்மணி அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பெயின்ட் டப்பாக்காரன் சந்து முனையோடு திரும்பப் பார்த்தபோது ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தாள். 114 என்று போட்டான். பக்கத்து வீட்டு தபஸ்ஸும் கதவைப் பூட்டிக்கொண்டு சாந்தோமுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். கதவு இருந்தது, எண் விழவில்லை. தபஸ்ஸும் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

பொன்மணிக்கு நகரத்தின் தெற்கு ஓரத்தில் ஆறாவது மாடி கிடைத்தது. இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து திட்டுக்கு வந்துபோனாள். சிவப்பு என்றால் கணக்கில் வந்தாச்சு, இனி விட்டுவிட மாட்டார்கள் என்று அவளுக்குள் அன்றைக்குப் பதிந்துபோனது.

2023 டிசம்பர்ப் புயலில் ஸ்ரீரஞ்சனியின் தரைத்தளத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. நாலு நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரிட்ஜ் கவிழ்ந்து கிடந்தது. பதினோரு வருஷ விதையும் சாக்கடைத் தண்ணீரில் ஊறி அழுகிப்போயின. வெள்ளத்துக்கு முன்பே சேற்றில் உதிர்ந்து புதைந்திருந்த விதைகள் மட்டும் 2024இல் முளைத்தன. உலகத்தில் அந்த உமரி இருந்த ஒரே இடம் அந்தத் திட்டுதான். அதில் மிகக் கொழுத்த, மிக முந்திக் காய்க்கும் செடிகள் நாற்பத்து மூன்று. செப்டம்பர் கடைசியில் அவற்றின் விதை கறுக்கும். எடுத்து நாலு இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று இருவரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஆற்றங்கரையை அழகுபடுத்தும் ஆட்கள் வந்தார்கள். நடைபாதை, விளக்கு, வெளியூரிலிருந்து லாரியில் வந்த பூச்செடி. திட்டில் இருந்ததெல்லாம் அவர்கள் தாளில் ‘களை’ என்று இருந்தது. ஸ்ரீரஞ்சனி அவர்களுடைய ஆபீஸுக்கு நடையாய் நடந்து ஒரு கடிதம் வாங்கிவந்தாள். செடிகளுக்கு அடையாளம் போட்டுவிடச் சொன்னார்களாம். கடிதத்தில் இப்படி இருந்தது: ‘அடையாளமிட்ட செடிகள் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கவும்.’

“பாத்தியா, ஒத்துண்டுட்டா,” என்று சிரித்தாள்.

பழைய அடையாள அட்டைகள் உப்பில் வெளுத்து எழுத்துப் போயிருந்தன. பொன்மணி வீட்டில் பெட்டியைத் திறந்து, அன்புச்செல்வி கல்யாணத்துக்கு ரங்கநாதன் தெருவில் எடுத்த சிவப்புச் சேலையை வெளியே எடுத்தாள்.

“இன்னாம்மா, கல்யாணப் பொடவைய கிழிக்கிற? பைத்தியம் புடிச்சிச்சா?”

“சாயம் போகாத பொடவை இத்து ஒண்ணுதான்டி கீது. செவப்பு கட்னா ஒருத்தனும் தொட மாட்டான்.”

நாற்பத்து மூன்று செடிக்கும் நாற்பத்து மூன்று துண்டு. ஒவ்வொன்றையும் இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ரேஷன் கடையில் நின்றாள். அன்று விரல் வைக்காவிட்டால் அந்த மாத அரிசி இல்லை. விரல் பதியவில்லை. பதினோரு வருஷ உப்புச் சேற்றில் ரேகை தேய்ந்திருந்தது. “வேற வெரல் வைம்மா... வேற... தொடச்சிட்டு வைம்மா.” பத்து விரலும் வைத்துப் பார்த்து, கடைசியில் கைபேசிக்கு வந்த எண்ணைச் சொல்லி வாங்கியபோது பத்து மணி. திட்டுக்கு வந்தபோது பதினொன்றரை.

முதலில் கண்ணில் பட்டது லாரி. அதன் மேல் பிளாஸ்டிக் குப்பைக்கு நடுவே சிவப்பு சிவப்பாய்த் துணி தெரிந்தது.

மேற்பார்வை பார்த்த அசோகன் வடபழனிக்காரன், பழகின முகம்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“எவன்டா கை வச்சது?”

“இன்னாக்கா, வந்ததும் வராததுமா கத்துற? நீ கட்ன செவப்புதானே?”

“புடுங்காதன்னு கட்னேன்டா!”

“செவப்பு போட்டா எடுக்கணும்கா. ரோட்டுல மரத்துக்கும் அத்தான், வூட்டுக்கும் அத்தான். தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?”

“எங்க வூட்டுக்கும் செவப்பு போட்டாங்க. வேற வூடு குடுத்தாங்க.”

“குடுத்தாங்க. அந்த செவப்பு போட்ட வூடு இப்போ எங்க கீது? நிக்குதா?”

பொன்மணி லாரியைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருஷமாக அவள் அந்தச் சிவப்பை ஒரு பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். 114 என்று எழுதிய கதவை எண்ணிப் பதினைந்தாம் நாள் இயந்திரம் முறித்துப்போட்டது. சட்டையைப் பிடித்து இழுத்துவந்து அவளே போடவைத்த எண்.

அசோகன் கைபேசியில் கடிதத்தைக் காட்டினான். “நீயே படி. உரிய நடவடிக்கைனு போட்டுகீது. அதுக்கு இன்னா அர்த்தம், தண்ணி ஊத்து, உரம் போடுன்னா?”

“அர்த்தம் தெர்லனா ஒரு போன் பண்ண மாட்டியா? வாய்ல இன்னா வச்சிகினு இருந்த? டீயா?”

“எனக்கு இன்னாக்கா, போட்டத செஞ்சேன். எம்மேல பாயாத.”

அவள் லாரியில் ஏறினாள். குப்பையைக் கிளறிச் செடிகளைக் கீழே எறிந்தாள். காலை ஏழு மணியிலிருந்து வெயிலில் கிடந்தவை. ஒரு காயை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். பால் வந்தது. கறுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. ஸ்ரீரஞ்சனி ஆட்டோவில் வந்து இறங்கி, பார்த்து, நடைபாதை ஓரம் உட்கார்ந்து அழுதாள்.

“அழுவாதீங்க மேடம். வந்து குழி தோண்டுங்க.”

இருபத்தாறு செடிகளை மறுபடி சேற்றில் ஊன்றினார்கள். வேர் அறுந்தவை. மூன்றாம் நாள் எல்லாம் தொங்கிவிட்டன. பால் விதைகளைக் காயவைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

திட்டில் துணி கட்டாத செடிகள் மட்டும் நின்றன. “மத்தத அப்பால பாத்துக்கலாம்னு வுட்டோம்,” என்று அசோகன் சொல்லியிருந்தான். பொன்மணி ஒன்றைக் கடித்தாள். “ரெண்டு.” இன்னொன்றைக் கடித்தாள். துப்பினாள். “ஒண்ணு. எழுதிக்கோங்க மேடம். பத்து வருஷமா வெயிலும் உப்பும் கழிச்சுப் போட்டதெல்லாம் இங்க நிக்குது. தேறுனதெல்லாம் லாரில போச்சு.”

நவம்பரில் மழை கொட்டியது. பிந்திக் காய்க்கும் அந்த மிச்சத்தைப் பச்சை விதையோடு கொண்டுபோனது. ஜனவரியில் திட்டு வெறும் சேறு, அதன் மேல் வெள்ளை உப்பு. நிழல் போனதால் ஆறு கண்டல் கன்றுகளில் ஐந்து நுனியிலிருந்து கருகிவந்தன. நண்டு வளைகள் தூர்ந்தன. உள்ளான்கள் திட்டுக்கு மேலே வட்டமடித்துவிட்டு இறங்காமல் போயின. நடைபாதையில் விளக்கு எரிந்தது.

அந்த மாதம், ஆய்வுக்குப் பணம் தருகிறவர்களுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் ஸ்ரீரஞ்சனி படிவத்தை விரித்து வைத்திருந்தாள். ‘சேதத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம்.

“பொன்மணி, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காதே. இதுல ‘இயற்கைச் சேதம்’னு போட்டுட்டா இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சுத் தரேங்கறா. வெள்ளமும்தானே வந்தது? உனக்கும் வேலை இருக்கும். வேற இடத்துல ஆரம்பிக்கலாம்.”

“வேற இடத்துல இன்னாத்த ஆரம்பிப்பீங்க? அந்த செடிதான் இல்லியே.”

“இல்லைதான்.”

“துணி கட்னது நானு. புடுங்குனது அசோகன் ஆளுங்க. லெட்டர் குடுத்தது ஆபீஸு. அந்த லெட்டர வாங்கி வச்சிகினு சிரிச்சது நீ. இதுல இயற்கை எங்க கீது?”

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ‘நீ’ என்றாள். ஸ்ரீரஞ்சனி அதைக் கவனித்தாள். பேனாவை எடுத்து, ‘சோதனைச் செடிகள் தவறுதலாகப் பிடுங்கப்பட்டன,’ என்று எழுதி, படித்துக் காட்டினாள்.

“பிடுங்கப்பட்டனன்னா? தானா புடுங்கிக்கின மாதிரி கீதே?”

“பிடுங்கினார்கள்னு மாத்தட்டுமா?”

“யாரு?”

“பொன்மணி...”

“யாரு பிடுங்கினார்கள்? எழுது. யாரு கட்னாங்கன்னும் எழுது. எம்பேரும் போடு, நான் ஓட மாட்டேன். உம்பேரும் போடு.”

அடித்து அடித்து எழுதினார்கள். கடைசியில் கட்டத்துக்குள் இடம் போதாமல் பின்பக்கம் போனது. என்ன தேதி, எத்தனை மணி, எந்த வாசகம், யார் கொடுத்தது, யார் தப்பாகப் படித்தது, யார் தப்பான நிறத்தில் துணி கட்டியது. மெலிந்தவை நின்று கொழுத்தவை போனதும் ஒரு வரியாக இருந்தது. பொன்மணி எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் படித்தாள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். கீழே பேனாவால் பொன்மணி என்று கையெழுத்துப் போட்டாள். விரல் வைக்கச் சொல்லியிருந்தால் வெறும் மைக்கறைதான் விழுந்திருக்கும்.

நீட்டிப்புக் கிடைக்கவில்லை. பொன்மணிக்குத் திட்டில் வேலை முடிந்தது. ஆறாவது மாடியில் இருந்தாள்.

2025 மே மாதம், மதியம், தண்ணீர்க் குடத்தோடு படியேறி வந்தவள் நாலாவது மாடித் திருப்பத்தில் குடத்தைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அன்புச்செல்வி வாங்கிவந்த தாளில் காரணம், இயற்கை.

அவள் ஒத்துக்கொள்ளும்படி எழுதினால் அது இப்படி இருக்கும். ஆற்றங்கரையிலிருந்து அவளைப் பிடுங்கி ஆறாவது மாடியில் வைத்தார்கள். மூன்று மாதமாக லிஃப்டைப் பழுதுபார்க்காமல் விட்டார்கள். ஒன்பது நாளாக மேலே தண்ணீர் ஏற்றாமல் விட்டார்கள். அந்த வெயிலில் ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணைக் குடத்தோடு படியேறவிட்டார்கள்.

யார் என்ற பெயர்கள் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைக்கக் கிடைக்கச் சேர்க்க வேண்டும். கட்டத்தில் இடம் போதாவிட்டால் பின்பக்கம் இருக்கிறது.